பச்சை வயர்

எங்கள் ராக் இசைக்குழுவில் மூன்றே பேர். பாடுவதும் கிடார் வாசிப்பதும் ஒருவன், டிரம்ஸ் ஒருவன், பேஸ் கிடார் நான். பாடகனின் அப்பா கட்கியில் ராணுவப் பட்டறையில் வேலை செய்த தமிழர். மகன் பிறந்து வளர்ந்தது எல்லாம் புனே, அவன் பேசும் தமிழில் பாதி இந்தி மொழி கலந்திருக்கும், 'நண்பா' என்பதற்கு 'யார்' என்பான். டிரம்ஸ் வாசித்தவன் மராட்டியன், எங்களோடு பொறியியல் படித்தவன். என் அப்பா கோயமுத்தூரிலிருந்து புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டுக்கு வேலைக்கு வந்தவர். நான் எலக்ட்ரிக்கல் முடித்து, அருகே சாகணில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மின்சாரப் பெட்டிகளைப் பராமரிப்பதுதான் அங்கே என் வேலை. அதனால் குழுவிலும் வயர்கள் எல்லாம் என் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஜனவரி. புனேப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆண்டுவிழாவைக் கேதரிங் என்பார்கள். அந்த வருடம் கோலாப்பூர், சாங்லி, சாத்தாரா, கடைசியாகப் புனே என்று நான்கு கல்லூரிகள் எங்களை அழைத்திருந்தன. வாழ்க்கையில் எங்களுக்கு அமைந்த ஒரே சுற்றுப்பயணம் அதுதான். நான் தொழிற்சாலையில் ஒரு வாரம் விடுப்பு சொல்லிவிட்டு வந்தேன்.

வாடகை டெம்போவில் மனிதர்கள் உட்காரும் இடத்தைவிடச் சாமான்கள் அடைத்த இடமே அதிகம். பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளியைத் திணித்திருந்தோம். அதிர்வைக் குறைப்பதற்கு அது வேண்டும், குளிரில் எடுத்துப் போர்த்திக்கொள்ளவும் உதவும். சிம்பல் தட்டுகளைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றியிருந்தோம். ஸ்டாண்டுகள் எல்லாம் ஒரு கோணிச் சாக்கில். கிடாரின் ஓசையை மாற்றுகிற பெடல்களை ஒரு பலகையில் வரிசையாகத் திருகி வைத்திருந்தான் பாடகன். என் பேஸ் கிடாரின் தந்திகள் மழுங்கிப் போனால் புதிதாக வாங்க வழியில்லை, அவற்றைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்தால் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். கிளம்புவதற்கு முந்தின நாள் அப்படிக் கொதிக்க வைத்தது சாம்பார்ப் பாத்திரத்தில் என்று தெரிந்ததும் அம்மா போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. வயர்களுக்கென்று ஒரு நீல நிறத் தகர டிரங்குப் பெட்டி, அதிலேயே சால்டரிங் அயர்ன், குறடு, கறுப்பு டேப் எல்லாம்.

கிடாருக்கான ஆம்ப்ளிஃபயர் உள்ளூரில் ஒருவர் கையால் அசெம்பிள் செய்து கொடுத்தது. தகரப் பெட்டி, அதைச் சுற்றி மரச்சட்டம். நல்ல கனம். எங்களிடம் இருந்தவற்றில் எல்லோருக்கும் பெருமையான பொருள் அதுதான்.

கோலாப்பூரில் அது எங்கள் மானத்தை வாங்கியது. மேடை விளக்குகளைப் போட்ட உடனே ஆம்ப்பிலிருந்து ஓயாத இரைச்சல், வண்டு பறப்பது போல. மெதுவான பாட்டு ஒன்றைப் பாடகன் தொடங்கினான். முன்வரிசை மாணவர்கள் வாயை மூடிக்கொண்டு அதே சுருதியில் 'ம்ம்ம்ம்' என்று முனகத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அரங்கமே முனகியது. பாடகன் பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"நீதான வயர்க்காரன்? இந்தச் சத்தத்த ஏதாச்சும் பண்ணு யார். இல்லன்னா நாளைக்கு நா பாட மாட்டேன்" என்றான் டெம்போவில் ஏறும்போது.

காரணம் எனக்குத் தெரியும். அந்த அரங்கின் எர்த் சரியில்லை. விளக்குகளின் கசிவெல்லாம் எர்த் வயர் வழியாக ஆம்ப்புக்குள் ஏறி வந்து இரைகிறது. சாங்லியில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆம்ப்பின் மூன்று முள் பிளக்கைத் திருகித் திறந்தேன். எர்த்துக்கான பச்சை வயரைக் குறடால் வெட்டி, முனையை மடித்து, கறுப்பு டேப் சுற்றி, பிளக்கை மறுபடி மூடினேன். இரண்டு நிமிட வேலை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இரைச்சல் நின்றுவிட்டது. பாடகன் என் முதுகில் தட்டினான். "என்ன பண்ணுன?" என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செய்தது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி இதைச் செய்திருந்தால் நானே மேலிடத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்திருப்பேன். 'இன்னும் இரண்டே நிகழ்ச்சி, புனே போய்ச் சேர்ந்ததும் ஒட்டவைத்துவிடலாம்' என்று நினைத்தேன்.

சாத்தாராவில் ஒரு குறையும் இல்லை. சாத்தாராவிலிருந்து புனேக்கு வரும் வழியில் பாதி தூரம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டெம்போ குலுங்கிய குலுங்கலில் சிம்பல்கள் விரிப்புக்குள்ளேயே கிணுகிணுத்துக்கொண்டு வந்தன.

புனேக் கல்லூரியில் மைதானத்தில் மேடை போட்டிருந்தார்கள். மாலை நிகழ்ச்சிக்கு முன் நான்கு மணிக்கு ஒலிச் சோதனை. மேடைக்கு ஒளி, ஒலி, மின்சாரம் எல்லாம் ஒரே எலக்ட்ரீஷியன்தான். நாற்பது வயதிருக்கும் மராட்டியர், சட்டைப் பையில் டெஸ்டர் செருகியிருந்தார். எங்கள் சாமான்களை இறக்குவதற்கு அவரும் ஒரு கை கொடுத்தார். டிரம்மைத் தூக்கும்போது, "உள்ள யாராச்சும் படுத்திருக்காங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

கிடாரைச் செருகி இரண்டு முறை மீட்டிப் பார்த்த பாடகன் என்னிடம் வந்தான்.

"கை லேசா கூசுது யார்."

"எங்க?"

"தந்தியத் தொட்டா. எறும்பு மாதிரி."

"பனிக்காலம், காத்துல ஈரம் இல்ல. வெறும் ஸ்டாட்டிக் கரண்ட்தான்" என்றேன்.

இதைச் சொன்னது நான். நான்கு வருடம் மின்சாரம் படித்தவன். என் பேஸின் சுருதியைச் சேர்ப்பதில் குனிந்திருந்தேன், தலையைக்கூடத் தூக்கவில்லை.

அவன் மைக்குக்கு முன்னால் போய் நின்றான். மைக் உயரம் குறைவாக இருந்தது. இடது கை கிடார்த் தந்திகளைப் பிடித்திருக்க, வலது கையால் மைக்கைப் பிடித்து மேலே இழுத்தான்.

ஸ்பீக்கர்களிலிருந்து பெரிய உறுமல் ஒன்று வந்தது. அவன் என் பக்கம் திரும்பினான். வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டிக்கொண்டன. மைக் ஸ்டாண்டோடு சேர்ந்து அவன் துள்ளுவதைப் பார்த்து விளையாடுகிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம்தான் அவன் கண்களைப் பார்த்தேன்.

என் கால்கள் நகரவில்லை. டிரம்ஸ்காரன் ஏதோ கத்தினான். மேடை ஓரத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் ஓடினார், ஆனால் எங்களை நோக்கி ஓடவில்லை. எதிர்த்திசையில், திரைக்குப் பின்னால் ஓடினார். பயந்துபோய்த் தப்பி ஓடுகிறார் என்றே நினைத்தேன்.

அவர் ஓடியது மெயின் சுவிட்சை இறக்க. உறுமல் பட்டென்று நின்றது. பாடகன் ஸ்டாண்டோடு சேர்ந்து பலகையில் விழுந்தான். பிடி விட்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் திரும்பி ஓடிவந்து அவன் பக்கத்தில் மண்டியிட்டார். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். "மூச்சு இருக்கு! வண்டி! வண்டி கொண்டாங்க!" என்று மராட்டியில் கூவினார். டிரம்ஸ்காரன் மேடையிலிருந்து குதித்துக் கல்லூரி ஜீப்பைத் தேடி ஓடினான். நான் பேஸ் கிடாரைக் கழுத்தில் மாட்டியபடி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது விழாவுக்குப் பொறுப்பான பேராசிரியர் மேடையேறி வந்தார். கீழே கிடந்தவனைப் பார்த்தார். எலக்ட்ரீஷியனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, கன்னத்தில் அறைந்தார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

"இதுதான் வயரிங்கா? பையனைக் கொன்னிருப்பியேடா!"

எலக்ட்ரீஷியனின் ஆட்கள் இரண்டு பேரும், நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மாணவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "சாகேப், என் லைன் சரியா இருக்கு, நீங்க வந்து பாருங்க" என்றார். ஒரு மாணவன் அவரைத் தோளில் பிடித்துத் தள்ளினான்.

வாயைத் திறந்திருந்தால் ஒரே வாக்கியம். 'சார், பிளக்கில் எர்த்தை வெட்டியது நான்.' அந்த வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்திருந்தது. ஜீப் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

அவன் பிழைத்துக்கொண்டான். வலது தோள்மூட்டு இடம் பெயர்ந்திருந்தது. இடது கை விரல்களில் தந்திகள் இருந்த இடமெல்லாம் கோடு கோடாக வெந்திருந்தது. மோதிர விரலில் மட்டும் கோடு எலும்பு வரைக்கும் போயிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கரண்ட்காரன் நல்லா இருப்பானா? அவன சும்மா விடக் கூடாதுப்பா" என்று அழுதார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

மேடையில் வாய் திறக்காமல் நின்றதற்கு அதிர்ச்சி என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தலையாட்டலுக்கு அப்படி எதுவும் சொல்ல முடியவில்லை. என் கழுத்து தானாக ஆடியதை இன்னொருவன் செய்வதுபோல நானே பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆம்ப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். உள்ளே வரும் லைவ் வயர் தகரத்தின் விளிம்பில் உரசி உரசி உறை கிழிந்து, செம்பு தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் அந்தச் சாத்தாரா சாலையின் வேலை. பெட்டி முழுவதும் கரண்ட், பெட்டியிலிருந்து கிடார்த் தந்திகளுக்கும் கரண்ட். மைக்கோ எர்த்தோடு இணைந்திருந்தது, இரண்டையும் ஒருசேரத் தொட்டவன் வழியாக அது பாய்ந்திருக்கிறது. பச்சை வயர் இருந்திருந்தால் பெட்டியைச் செருகிய அந்த நொடியே ஃபியூஸ் போயிருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

அக்கா காபியோடு உள்ளே வந்தாள். அவள் வங்கியில் வேலை செய்துகொண்டிருந்தாள். தரையில் நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா ஆச்சு?" என்றாள். சொன்னேன். சாங்லியிலிருந்து ஜீப் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

காபித் தம்ளரை என்னிடம் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வயர வெட்டுனது... செரி, புத்தி கெட்டு வெட்டிப்போட்ட. அந்த மனுசன் அடி வாங்கறப்ப நீ பாத்துட்டா நின்ன?"

"ஆமாக்கா."

"நீயாடா?" என்றாள். காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சமையலறைத் தொட்டியில் அதைக் கொட்டும் சத்தம் கேட்டது.

மறுநாள் பாடகனிடம் சொன்னேன். அவன் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தான், தோளில் கட்டு. அவன் அம்மா கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தான். அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

"நா உன்கிட்ட சொன்னேனே யார். கை கூசுதுன்னு சொன்னேனே."

"சொன்னே."

"நீ பாக்கவே இல்ல."

"பாக்கல."

சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். "அம்மா வந்துடுவாங்க, நீ போ" என்றான். வாசல் வரைக்கும் போனவனைக் கூப்பிட்டு, "அந்த ஆளு... சுவிட்ச ஆஃப் பண்ணாரே. அவருகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "மொதல்ல அங்க போகணும், இங்க எதுக்கு வந்தே?" என்றான். திட்டுவதற்காக அவன் அதைச் சொன்னதாகத் தெரியவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

எலக்ட்ரீஷியனின் கடை சோம்வார் பேட்டில் ஒரு சந்துக்குள் இருந்தது. கல்லூரிக் காவலாளியிடம் வழி கேட்டுக்கொண்டு போனேன். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு வயர்ச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. எழுந்தே நின்றுவிட்டார்.

"பையன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

"தேவா!" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். பிறகு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. ஓட்டை மராட்டியில், நின்றபடியே சொன்னேன். பிளக்கில் எர்த் வயரை வெட்டியது நான் என்று.

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது.

"பிளக்க நான் அன்னைக்கே தொறந்து பாத்தேன்" என்றார். "நீங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு. வயர வெட்டி டேப் சுத்தியிருந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"அந்தப் பையனே வெட்டியிருப்பான்னு நெனச்சேன். அவன் ஆம்ப்தானே? பொழைப்பானா மாட்டானான்னு தெரியாது. சாகக் கிடக்கிறவன் மேல பழி சொல்லவா? அவன் அம்மா காதுல அது விழணுமா?" அவர் கையில் இருந்த வயரைக் கீழே போட்டார். "நீயா? நீ பக்கத்துலயே நின்னியே. என்னை அடிக்கறப்ப என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுதானே நின்னே."

இத்தனை நாளாக, தன் கன்னத்தில் விழுந்த அறைக்குப் பதிலாகச் சொல்லக்கூடிய ஒரே உண்மையை, முன்பின் தெரியாத ஒரு தாய்க்காக இவர் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார். இவர் தப்பி ஓடுகிறார் என்று நினைத்தவன் நான்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கடைக்கு வெளியே தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார்.

"வா."

"எங்க?"

"காலேஜுக்கு. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். பேராசிரியர் துறை அறையில் இருந்தார், கூட இரண்டு ஆசிரியர்கள். எலக்ட்ரீஷியனைக் கண்டதும், "உன்னை யார் உள்ளே விட்டது?" என்று எழுந்தார். நான் முன்னால் போய் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன்.

"மராட்டியில சொல்லு. எனக்கும் புரியணும்" என்றார் எலக்ட்ரீஷியன் பின்னாலிருந்து.

மராட்டியில் சொன்னேன். வார்த்தை வராத இடங்களில் இந்தி. பிளக், பச்சை வயர், டேப், இரைச்சல், கை கூசியது. மெயின் சுவிட்சை இறக்கியது யார் என்றும் சொன்னேன். பேராசிரியர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னால் இருந்த விடைத்தாள் கட்டை ஒரு முறை நேராக்கினார். அப்புறம் மறுபடி எழுந்தார்.

"நீ என்ன படித்திருக்கிறாய்?" என்று என்னைக் கேட்டார்.

"எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், சார்."

அவர் தலையை ஆட்டினார், நம்ப முடியாதவர்போல. பிறகு மேஜையைச் சுற்றி வந்து எலக்ட்ரீஷியனின் எதிரில் நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டையும் கூப்பினார். "நான் கேட்டிருக்கணும். கேக்காம கைய நீட்டிட்டேன்" என்றார். மற்ற இரண்டு ஆசிரியர்களும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

எலக்ட்ரீஷியன் அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்தார். "என்கிட்ட வேலை பாக்கற பசங்க ரெண்டு பேரு முன்னாடி அடிச்சீங்க சாகேப். அவங்க முன்னாடியும் இதைச் சொல்லணும்" என்றார். பேராசிரியர் வருகிறேன் என்றார். அந்த வாரமே கடைக்கு வந்து சொன்னார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அடுத்த வருடக் கேதரிங்குக்கும் மேடை போட்டது அதே எலக்ட்ரீஷியன்தான்.

அன்று வெளியே வந்ததும் என்னிடம், "நீ பஸ்ல போ" என்றார். அதோடு சரி. பிற்பாடு சாகணில் எங்கள் தொழிற்சாலைக்குத் தற்காலிக மேடை வேலை வந்தபோது அவர் பெயரைச் சொன்னேன். ஆள் அனுப்பினேன். வர முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் என்னை மன்னித்தார் என்று இன்றைக்கும் என்னால் எழுத முடியாது.

குழு அத்தோடு கலைந்தது. டிரம்ஸ்காரன் பம்பாய்க்கு வேலைக்குப் போனான். பாடகனுக்குத் தோள் சரியாகிவிட்டது, மோதிர விரல் மட்டும் பாதிக்கு மேல் மடங்காது. சாஃப்ட்வேர் வேலையில் சேர்ந்து புனேயிலேயே பாணேரில் வீடு எடுத்தான். நான் போன் செய்தால் எடுப்பான், இரண்டு வார்த்தை பேசுவான். அவனாகக் கூப்பிட்டதில்லை.

நான்கைந்து வருடம் கழித்து அவன் கல்யாணப் பத்திரிகை வந்தது. அவன் கையெழுத்திலேயே என் முகவரி. பிம்ப்ரியில் ஒரு ஹாலில் வரவேற்பு. அம்மாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். மேடையேறியதும் அவன் என் தோளில் கை போட்டு மணப்பெண்ணிடம், "இவன்தான். நா சொன்னேனே" என்றான்.

எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் சென்னைக்காரி, நல்ல தமிழ். சிரித்துக்கொண்டிருந்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க இவர்கிட்டேயிருந்து எவ்வளவு தூரத்துல நின்னுட்டிருந்தீங்க?"

புகைப்படக்காரர் எங்களைச் சேர்ந்து நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் சுற்றிப் பார்த்து, பரிசுப் பொருட்கள் வைத்திருந்த மேஜையைக் காட்டினேன். "அவ்வளவுதான்" என்றேன்.

அவள் அந்த மேஜையைப் பார்த்தாள். நாலடிகூட இருக்காது. அவனுடைய இடது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள்.